சளி வராத ஆக்களுக்கு நாக்குச் சுவாப்: காசநோய்ப் பரிசோதனையில் எவ்வளவு நம்பலாம்?

வவுனிக்குளம்

எல்லாருக்கும் வணக்கம். காசநோய் சந்தேகத்தில சளிப் போத்தல் குடுத்து விடுற ஆக்களில ஒரு பகுதி அதை வெறுமையாகத் திருப்பித் தருகினம், இல்லாட்டி எச்சிலைத் துப்பித் தருகினம். வயது போனவை, சீனி வருத்தக்காரர், வறட்டு இருமல்காரர், சின்னப்பிள்ளையள்தான் இதில கூட. இலங்கையின்ர வன்னியில துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்துச் சனத்தை இரண்டாவது மாதிரி குடுக்கத் திரும்ப வரச்சொன்னால் ஒரு நாள் கூலி போகும், பஸ்சையும் பார்த்துக்கொண்டு நிக்க வேணும். கனபேர் அதோட விட்டிடுகினம்.

நாக்கைச் சுவாப்பால துடைச்சு, அதில பிசிஆர் (கிருமியின்ர டி.என்.ஏ.யைப் பெருக்கித் தேடுற சோதனை) செய்து காசநோயைக் கண்டுபிடிக்கலாம் எண்டு இப்ப நிறைய ஆய்வு வருது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு சுவாப் எண்டால் என்னெண்டு ஊரில எல்லாருக்கும் தெரியும், பயமும் குறைவு. நுரையீரல் வருத்தம் நாக்கில எப்பிடித் தெரியும்? சளிக்குப் பதிலாக இதை வைக்கலாமோ, அல்லது சளி வராதவைக்கு மட்டுமோ? எடுக்கிறது, அனுப்புறது, மெஷினில போடுறது எல்லாம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

நுணுக்குக்காட்டி

நல்ல கேள்வி தம்பி. முதல் கேள்விக்கு முதல் பதில்.

நுரையீரலில இருந்து இருமலோட மேல வாற சளித் துணிக்கைகள் தொண்டையால நாக்கின்ர பின்பக்கத்தைத் தொட்டுத்தான் போகும். ஒரு பகுதியை நாங்கள் அறியாமலே விழுங்கிறம். நாக்கின்ர மேற்பரப்பு வழவழப்பில்லை, சின்னச் சின்ன முளைகள் நெருக்கமா இருக்கு. அதுக்குள்ள நுண்ணுயிர்ப் படலம் ஒண்டு எப்பவும் ஒட்டியிருக்கும். காசநோய்க் கிருமியும் அதின்ர டி.என்.ஏ.யும் அதிலதான் தங்கிப்போகுது. கன்னத்தின்ர உட்பக்கம், முரசு எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில நாக்குத்தான் கூடக் குடுக்குது.

இது இப்ப வந்த யோசனையில்லை. அமெரிக்காவின்ர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில ஜெரார்ட் கான்ஜலோசியின்ர குழு முதலில குரங்குகளில பார்த்து, பிறகு 2015இல தென்னாபிரிக்க நோயாளரில செய்த சிறிய ஆய்வை வெளியிட்டது. சளியில காசநோய் உறுதியான 20 பேரில 18 பேரின்ர வாய்ச் சுவாப்பில கிருமியின்ர டி.என்.ஏ. கிடைச்சுது. அப்ப அவை துடைச்சது கன்னத்தை. நாக்குக்கு மாறினது அதுக்குப் பிறகு.

இதில ஒண்டை எல்லாரும் மனசில பதிச்சுக்கொள்ளோணும். சுவாப்பை சிலைட்டில தேய்ச்சு நுணுக்குக்காட்டியில பார்க்கிற வேலை சரிவராது. சிலைட்டில கிருமி தெரிய ஒரு மில்லிலீற்றர் சளியில ஏறக்குறைய 5,000 தொடக்கம் 10,000 கிருமி இருக்க வேணும். நாக்கில ஒட்டுறது அதைவிட மிகச் சொற்பம். கிருமியை ஆய்வுகூடத்தில வளர்த்துப் பார்க்கிற வளர்ப்புச் சோதனைக்கும் உதவாது, வாயில இருக்கிற மற்றக் கிருமிகள் முந்திக்கொண்டு வளர்ந்து தட்டை நிரப்பிப்போடும். அதனால சுவாப் எண்டால் டி.என்.ஏ.யைத் தேடுற மூலக்கூற்றுப் பரிசோதனை மட்டும்தான். எக்ஸ்பேர்ட் அல்ட்ரா (மாதிரியைக் காட்ரிஜ் எண்ட சின்னப் பெட்டிக்குள்ள விட்டு மெஷினில போடுற பிசிஆர்) போல மிகக் குறைந்த டி.என்.ஏ.யையும் பிடிக்கிற முறை வந்தபடியால்தான் இந்தக் கதையே நடக்குது. பழைய எக்ஸ்பேர்ட் காட்ரிஜ்ஜுக்கு மில்லிலீற்றருக்கு நூறுக்கு மேல கிருமி தேவைப்பட்டது. அல்ட்ராவுக்கு 16 அளவு காணும்.

கனகராயன்

ஆய்வுகூடப் பக்கத்தை மேலே சொல்லிவிட்டார்கள். மருத்துவப் பக்கத்தில் இருந்து சேர்க்க வேண்டியது இது.

சளி எக்ஸ்பேர்ட்டை அளவுகோலாக வைத்துப் பார்த்த ஆய்வுகளில், வயதுவந்தோரில் நாக்குச் சுவாப் ஏறக்குறைய 70 முதல் 90 வீதமான நோயாளரைப் பிடித்திருக்கிறது. சுவாப் வகை, பதப்படுத்தும் முறை, நோயாளியின் கிருமிச் சுமை என்பவற்றைப் பொறுத்து இந்த எண் ஏறி இறங்கும். சிலைட்டிலேயே கிருமி தெரியும் நோயாளரில் மிக நன்றாக வேலை செய்யும். சிலைட்டில் தெரியாதவர்களில் வெகுவாகக் குறையும், சில ஆய்வுகளில் பாதிக்கும் கீழே. போலி நேர்மறை குறைவுதான்.

ஆகவே சளி தரக்கூடியவரிடம் சளியை விட்டுவிட்டுச் சுவாப் எடுப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். ஆனால் சளி தர முடியாதவரிடம் கேள்வியே வேறு. ஒரு உதாரணக் கணக்குப் பார்ப்போம். காசநோய் உள்ள 100 பேர் வருகிறார்கள், அவர்களில் 25 பேருக்குச் சளி வராது என்று வையுங்கள். சளிப் பரிசோதனை 90 வீதம் பிடிக்கும் என்றாலும் 75 பேருக்குத்தான் அதைச் செய்யலாம், கிடைப்பது 67 அல்லது 68 பேர். 75 வீதம்தான் பிடிக்கும் சுவாப்பை 100 பேருக்கும் எடுத்தால் 75 பேர் கிடைப்பார்கள். சளி வருபவருக்குச் சளி, வராத 25 பேருக்குச் சுவாப் என்று பிரித்தால், அந்த 25 பேரில் பாதியைப் பிடித்தாலே மொத்தம் 80 ஆகிறது. மூன்றில் சிறந்தது அந்த மூன்றாவது வழி.

சளி வராதவர்களில் கிருமிச் சுமை பெரும்பாலும் குறைவாக இருக்கும் என்பதால்தான் அவர்களுக்குப் பாதி என்று கணக்கிட்டேன். ஆய்வுகளில் வரும் நல்ல எண்கள் பெரும்பாலும் சளி தரக்கூடிய நோயாளரிடம் எடுத்த எண்கள். அதை அப்படியே நம் முதியவர்களுக்குப் பொருத்தக் கூடாது.

இரணைமடு

டொக்டர் சொன்னது சரி. ஆனால் அதுக்கு முன்னால ஒரு படி இருக்கு. "சளி வராது" எண்டு எழுதுற ஆக்களில கனபேருக்கு எப்பிடி எடுக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. போத்தலை நீட்டி "காலமை சளி கொண்டு வாங்கோ" எண்டால் அவர் எச்சிலைத்தான் கொண்டு வருவார்.

காலமை எழும்பின உடன, சாப்பிட முதல், வெறும் தண்ணியால வாயைக் கொப்பளிக்க வேணும். நிமிர்ந்து இருந்து நல்லா மூச்சை இழுத்து, சில செக்கன் பிடிச்சு, மெல்ல விட வேணும். இப்பிடி இரண்டு தரம். மூன்றாம் தரம் இழுத்துப்போட்டு நெஞ்சின்ர அடியில இருந்து பலமா இருமி, வாறதை நேரா போத்தலுக்க துப்ப வேணும். 3 தொடக்கம் 5 மி.லீ. வரும்வரைக்கும் திரும்பச் செய்யலாம். வீட்டுக்குள்ள செய்யக்கூடாது, முற்றத்தில, காத்துப்படுற இடத்தில, பக்கத்தில பிள்ளையள் இல்லாமல். பேரையும் திகதியையும் மூடியில எழுதாமல் போத்தலின்ர உடம்பில எழுதுங்கோ, மூடி கழண்டு மாறினால் ஆளே மாறிப்போகும்.

இதை ஐந்து நிமிசம் செய்து காட்டினால் "வராது" எண்ட ஆக்களில கொஞ்சப் பேருக்கு வரும். அதுக்குப் பிறகும் வராதவைக்குத்தான் சுவாப் எண்ட கதை.

சுவாப்புக்கு ஆதரவாவும் ஒண்டு சொல்லோணும். ஊரில போத்தலோட நிண்டு இருமுறதைக் கண்டால் அயலட்டைக்கு உடன விளங்கிடும். கலியாணம் பேசுற வீட்டில, கடை வைச்சிருக்கிற வீட்டில அது பெரிய பயம். சுவாப் அரை நிமிசத்தில முடியும், ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே சோதனைக்குச் சம்மதிக்கிற ஆக்கள் இருப்பினம்.

வவுனிக்குளம்

நன்றி அண்ணை, டொக்டர். அப்ப எடுக்கிற முறையைச் சொல்லுங்கோ. கொரோனாவுக்கு எடுத்த மாதிரித் தொண்டையில குத்தி எடுக்கிறதோ?

பாலைப்பழம்

இல்லைத் தம்பி, தொண்டைக்குப் போகவே கூடாது. தொண்டைச் சுவரைத் தொட்டால் ஓங்காளம் வரும், இருமல் வரும், எடுக்கிற ஆளுக்கும் தொற்று ஆபத்து.

ஆளை வெளிச்சமான, காத்தோட்டமான இடத்தில இருத்துங்கோ. முகத்துக்கு நேர நில்லாமல் பக்கவாட்டில நில்லுங்கோ. என்95 முகக்கவசமும் கிளவ்ஸும் போடுங்கோ. நாக்கை நல்லா வெளிய நீட்டச் சொல்லுங்கோ, "ஆ" எண்டு சொன்னால் நாக்குத் தணியும். நாக்கை உள்ள இழுக்கிற ஆக்களுக்குத் துணித்துண்டால நுனியைப் பிடிச்சுக்கொள்ளலாம். சுவாப்பை நாக்கின்ர மேற்பரப்பில, எவ்வளவு பின்னுக்குப் போனால் ஓங்காளம் வராதோ அவ்வளவு பின்னுக்கு வையுங்கோ. அங்கயிருந்து முன்னுக்கும் பின்னுக்குமா, நடுவிலயும் இரண்டு கரையிலயும், சுவாப்பை உருட்டி உருட்டி 15 தொடக்கம் 30 செக்கன் தேய்க்க வேணும். தடவுறது காணாது. குச்சி கொஞ்சம் வளையிற அளவுக்கு அழுத்தம் வேணும், எடுத்துப் பார்த்தால் சுவாப்பின்ர தலை ஈரமா, நாக்கு மாவு ஒட்டினதா இருக்கோணும். வெள்ளையா உலர்ந்து வந்தால் அது எடுத்ததாகக் கணக்கில்லை.

மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கோ. மனசில எண்ணினால் எல்லாருக்கும் 30 செக்கன் 10 செக்கனாத்தான் முடியும்.

இரண்டு சுவாப் எடுத்தால் ஒண்டைவிடக் கூடப் பிடிபடும். இரண்டும் தனித்தனி ரியூப்பில.

நேரம் முக்கியம். காலமை, பல் தீட்ட முதல், தேத்தண்ணி குடிக்க முதல் எண்டால் திறம். அப்பிடி ஏலாட்டிச் சாப்பாடு, தேத்தண்ணி, பல் தீட்டல் எல்லாத்துக்கும் பிறகு அரை மணித்தியாலமாவது விடுங்கோ. எங்கட பக்கத்தில பெரிய சிக்கல் வெத்திலை. வயது போன அம்மாமார் வாயில வெத்திலையோடதான் வருவினம். பாக்கிலயும் வெத்திலையிலயும் இருக்கிற பொலிபீனோல் சாயங்கள் பிசிஆரைத் தடுக்கக்கூடிய சாமான். நாக்குச் சிவந்து, பாக்குத் தூள் ஒட்டியிருக்கிற நேரம் எடுக்க வேண்டாம். முதல்நாளே "நாளைக்கு இங்க வாறவரைக்கும் வெத்திலை போட வேண்டாம் அம்மா" எண்டு சொல்லி விடுங்கோ. போட்டுக்கொண்டு வந்திட்டா எண்டால் துப்பிக் கொப்பளிச்சு, நாக்குத் தெளியும்வரை இருக்கவிட்டு எடுங்கோ. பொய்ப்பல் இருந்தால் கழட்டச் சொல்லுங்கோ.

ஒரே ஆளிட்டச் சளியும் சுவாப்பும் எடுக்கிறதெண்டால் சுவாப்தான் முதல். சளிக்கு முதல் வாய் கொப்பளிக்கச் சொல்லுறம், அந்தத் தண்ணி நாக்கில இருக்கிறதைக் கழுவிப்போடும்.

நுணுக்குக்காட்டி

பாலைப்பழம் அக்கா சொன்ன முறை திறம். சுவாப்பைப் பற்றி நான் சொல்லுறன்.

மருந்துக்கடையில விக்கிற பஞ்சுக்குச்சி வேண்டாம். பஞ்சு உறிஞ்சினதைத் திருப்பி விடாது. மரக்குச்சியில இருந்தும் கல்சியம் அல்ஜினேற் தலையில இருந்தும் பிசிஆரைக் கெடுக்கிற பொருள்கள் கரையும். நைலோன் மயிர்கள் வெளியால நிமிர்ந்து நிக்கிற மாதிரிச் செய்த பிளாஸ்டிக் குச்சிச் சுவாப்தான் வேணும். கொரோனாவுக்கு வந்ததில இரண்டு வகை இருந்தது. மூக்குக்கு வந்த மெல்லிய, வளையிற குச்சியில நாக்கை அழுத்தித் தேய்க்க ஏலாது. வாய்க்கு வந்த தடிச்ச, விறைப்பான குச்சியைப் பாவியுங்கோ. முறிக்கிற அடையாளம் தலையில இருந்து எவ்வளவு தூரத்தில இருக்கு எண்டும் பாருங்கோ. ரியூப்பைவிட நீளமா முறிஞ்சால் மூடி இறுகாது, வழியில ஒழுகும்.

மிச்சம் கிடக்குது எண்டு கொரோனாக் கால வைரஸ் கடத்தும் ஊடக ரியூப்பை எடுக்க வேண்டாம். அதில 2, 3 மி.லீ. திரவம் இருக்கும், ஏற்கெனவே சொற்பமான டி.என்.ஏ. அதில கலந்து ஐதாகிப்போகும். சில ரியூப்பில குவானிடின் உப்பு இருக்கு. குவானிடின் தயோசயனேற்றோட குளோரின் நீர் சேர்ந்தால் நச்சு வாயு வரும், ஐதரசன் சயனைட்டும் அதில அடக்கம். கழிவுத் தொட்டியில குளோரின் ஊத்துற பழக்கம் எல்லா இடத்திலயும் இருக்கிறபடியால் இதை அழுத்திச் சொல்லுறன்.

உலர்ந்த, கிருமி நீக்கின, திருகு மூடி ரியூப்பில சுவாப்பை அப்பிடியே போட்டு அனுப்பலாம். நாங்கள் தேடுறது உயிருள்ள கிருமியை இல்லை, டி.என்.ஏ.யை. அது உலர்ந்த நிலையில சில நாள் தாங்கும். இதுதான் வன்னிக்குச் சுவாப்பால வாற பெரிய நன்மை. சளியை வெயிலில வைச்சால் மற்றக் கிருமிகள் பெருகிப் புளிச்சுப்போகும், வளர்ப்புக்கு அனுப்புற மாதிரி எண்டால் கெட்டே போகும்.

அதுக்காக மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ள மத்தியான வெயிலில விட்டிட்டுப் போகலாம் எண்டில்லை. ஐஸ் பெட்டி இருந்தால் வைக்கலாம், ஆனால் கட்டி உருகின தண்ணி ரியூப்பைத் தொடக்கூடாது, லேபல் கழண்டுபோகும்.

இரணைமடு

முல்லைத்தீவில இருந்து மாங்குளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அங்கயிருந்து ஏ-9 வீதியைப் பிடிச்சு மேற்கொண்டு போகோணும். போற மாதிரிகளை ஒவ்வொண்டா அனுப்பாமல் கிழமையில இரண்டு குறிச்ச நாளில சேர்த்து அனுப்புற ஒழுங்கு இருந்தால், உலர் சுவாப்புக்கு அது பொருந்தும். சளிக்குக் குளிர்பெட்டி இல்லாமல் அப்பிடிச் செய்ய ஏலாது.

ரியூப்புக்கு வெளிய பொலித்தீன் பை, பைக்கு வெளிய உடையாத பெட்டி எண்டு மூண்டு படை கட்டாயம். விபரப் படிவத்தைப் பைக்குள்ள ரியூப்போட சேர்த்து வைக்க வேண்டாம், வெளிப்படையில வையுங்கோ. படிவத்தில எடுத்த நேரம், வெத்திலை அல்லது சாப்பாடு எப்ப, முன்னர் காசநோய் மருந்து எடுத்தவரோ எண்ட மூண்டும் எழுதியிருந்தால் ரிப்போட் வாசிக்கிற டொக்டருக்கு உதவும்.

வவுனிக்குளம்

அண்ணை, மெஷினில போடுறது சளி போடுற மாதிரித்தானோ?

நுணுக்குக்காட்டி

இல்லை, அங்கதான் கனக்கப் பிழை விடலாம்.

சளியெண்டால் ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு மாதிரிக் கரைசல், நல்லாக் குலுக்கி மொத்தம் 15 நிமிசம் வைச்சு, இடையில திரும்பக் குலுக்கி, 2 மி.லீ. எடுத்துக் காட்ரிஜ்ஜில விடுறம். அந்தக் கரைசல் சளியை இளக்கவும் கிருமியைக் கொல்லவும்தான். சுவாப்பில இளக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. ஆய்வுகளில இரண்டு வழி பாவிக்கினம். ஒண்டு, சுவாப்பின்ர தலையைக் கொஞ்ச டிரிஸ்-ஈ.டி.ரி.ஏ. (டி.என்.ஏ. வேலைக்குப் பாவிக்கிற) கரைசலில வைச்சு 95 பாகையில 10 நிமிசம் சூடாக்கிறது. கிருமி செத்துப்போகும், கையாளப் பாதுகாப்பு. மற்றது, மாதிரிக் கரைசலை ஐதாக்கி அதில சுவாப்பைக் கழுவி எடுக்கிறது. எப்பிடிச் செய்தாலும் காட்ரிஜ்ஜுக்குள்ள போறது 2 மி.லீ. ஆக வரவேணும், குறைஞ்சால் மெஷின் பிழை காட்டும்.

சூடாக்க முதல் மூடி இறுக்கமோ எண்டு பாருங்கோ. சூடாக்கின பிறகு ஆற விட்டுத் திறவுங்கோ, உடன திறந்தால் ஆவியோட துளி பறக்கும். சுவாப்பை வெளிய எடுக்கேக்க ரியூப்பின்ர சுவரில அழுத்திப் பிழிஞ்சு எடுங்கோ. நேராத் தூக்கினால் திரவத்தில கால்வாசி சுவாப்போட போயிடும்.

பிழைச் செய்திகளையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. மெஷின் 2008 எண்ட இலக்கம் காட்டினால் உள்ளுக்க அழுத்தம் கூடிப்போச்சு. சளியில அது கட்டிச் சளியால வரும், சுவாப்பில வந்தால் நைலோன் மயிரோ சாப்பாட்டுத் துணிக்கையோ பாக்குத் துண்டோ உள்ள போயிருக்கு. திரவத்தைச் சில நிமிசம் அசையாமல் வைச்சு மேல்பக்கத்தை மட்டும் உறிஞ்சினால் இது குறையும். 5007 எண்டால் காட்ரிஜ்ஜுக்குள்ள நடக்கிற சரிபார்ப்பில பிழை, புதுக் காட்ரிஜ் போடுங்கோ. "செல்லாது" எண்டு வந்தால் உள்ளகக் கட்டுப்பாடு (சோதனை சரியா ஓடுதோ எண்டு காட்ரிஜ்ஜுக்குள்ளயே இருக்கிற சரிபார்ப்பு) வேலை செய்யேல்லை, அதாவது பிசிஆரை ஏதோ தடுத்திருக்கு. வெத்திலையை முதல் சந்தேகியுங்கோ. அதை "எதிர்மறை" எண்டு எழுதவே கூடாது, புதுச் சுவாப் கேக்க வேணும்.

காட்ரிஜ்ஜை 2 தொடக்கம் 28 பாகைக்குள்ள வைக்கோணும், மெஷின் ஓடுற அறை 30 பாகையைத் தாண்டக்கூடாது. ஓகஸ்டில வன்னியில வெளிய 35 பாகை அடிக்கும். குளிரூட்டி இல்லாத களஞ்சிய அறையில பெட்டி பெட்டியாக் காட்ரிஜ் வைக்கிறது காசைக் கொட்டுற வேலை. கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருக்கிற சோதனை பாழ், யு.பி.எஸ். கட்டாயம்.

உற்பத்தி நிறுவனம் அல்ட்ரா காட்ரிஜ்ஜைச் செய்தது சளிக்கு. சுவாப்பைப் போடுறது அவையின்ர அறிவுறுத்தலுக்கு வெளியிலான பாவனை. மாவட்டக் காசநோய்க் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் தெரியாமல், தேசியத் திட்டத்தின்ர அனுமதி இல்லாமல் ஒரு ஆய்வுகூடமும் தன்ர விருப்பத்துக்குத் தொடங்கக்கூடாது. தொடங்கிறதெண்டால் முதலில சளி தரக்கூடிய நோயாளரிட்ட இரண்டையும் எடுத்துப் பக்கத்தில பக்கத்தில ஓட்டிப் பார்க்க வேணும். உங்கட கையில, உங்கட வெக்கையில, உங்கட பஸ் பயணத்துக்குப் பிறகு எத்தினை வீதம் பிடிபடுது எண்டு தெரியாமல் தனியச் சுவாப் ரிப்போட் குடுக்கக்கூடாது. ஒருத்தரிட்டயும் எடுக்காத வெற்றுச் சுவாப் ஒண்டையும் ஒவ்வொரு தொகுதியிலயும் சேர்த்து ஓட்டுங்கோ. அல்ட்ரா அவ்வளவு நுட்பமானது, மேசையில கிடக்கிற டி.என்.ஏ. தூசியும் அதில தெரியும்.

கனகராயன்

ரிப்போட்டை வாசிப்பது பற்றி.

அல்ட்ரா தரும் அளவுகள் உயர், நடுத்தர, குறைந்த, மிகக் குறைந்த, சுவடு. சளியில் "நடுத்தர" என்று வரும் ஒருவருக்குச் சுவாப்பில் "மிகக் குறைந்த" அல்லது "சுவடு" என்று வருவது வழமை. சுவடு என்றால் மிகச் சொற்ப டி.என்.ஏ. மட்டும் கிடைத்திருக்கிறது, ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்குக் கிருமியின் எதிர்ப்பு உண்டா இல்லையா என்று மெஷினால் சொல்ல முடியாது. ஆகவே சுவாப் நேர்மறை வந்த பிறகும் சளி முயற்சியை விடக்கூடாது. தேவையென்றால் உப்புநீர் ஆவி கொடுத்துச் சளி வரவைத்து, மருந்தெதிர்ப்புப் பரிசோதனைக்கும் வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். முன்னர் சிகிச்சை எடுத்தவர், சிகிச்சையை இடையில் விட்டவர், மருந்தெதிர்ப்பு நோயாளியுடன் வாழ்பவர் என்றால் இது மிக முக்கியம்.

கடந்த ஐந்து வருடத்துக்குள் காசநோய் மருந்து எடுத்தவரில் சுவடு வந்தால் பழைய, செத்த கிருமியின் எச்சமாகவும் இருக்கலாம். நெஞ்சு எக்ஸ்ரே படத்தையும் அறிகுறியையும் சேர்த்துப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ளவரிலும் பிள்ளைகளிலும் சுவட்டையும் நேர்மறையாகவே எடுத்துச் சிகிச்சை தொடங்குவது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

எதிர்மறை வந்தால்? இதுதான் எனக்கு அதிக கவலை தரும் இடம். சுவாப் எதிர்மறை "காசநோய் இல்லை" என்று அர்த்தப்படாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, படத்தில் மேற்பகுதி நிழல் இருந்தால் கோப்பை மூட வேண்டாம். அப்படியானவரை மார்பு நோய் கிளினிக்குக்கு அனுப்புங்கள், சுவாப் எதிர்மறை ரிப்போட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். தன் கையில் "இல்லை" என்று ஒரு கடதாசி இருப்பவர் அடுத்த மூன்று மாதத்துக்குத் திரும்பி வரமாட்டார்.

இன்னொன்று. வன்னியில் வயலில் நிற்கும் நீரிழிவு நோயாளி ஒருவர் காய்ச்சல், இருமல், மெலிவு, நுரையீரல் நிழலுடன் வந்து காசநோய்ப் பரிசோதனை எல்லாம் எதிர்மறையாக இருந்தால், மெலியோய்டோசிஸை நினையுங்கள். மண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழும் கிருமி அது, இலங்கையில் இருக்கிறது, காசநோய் போலவே தோற்றம் காட்டும். இரத்த வளர்ப்பு போன்ற வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் பிடிபடும். சோதனை எதிர்மறை என்றும் பாராமல் காசநோய் மருந்தைத் தொடங்கி வைத்துப் பார்ப்பது அங்கே உயிராபத்து, அதற்கான மருந்துகள் முற்றிலும் வேறு.

வவுனிக்குளம்

பிள்ளையளுக்கு எப்பிடி? அவைக்குத்தானே சளி எடுக்கிறது பெரிய பாடு.

பாலைப்பழம்

அதுதான் கவலை. பிள்ளையளின்ர நுரையீரலில கிருமி குறைவு, நாக்கில இன்னும் குறைவு. பெரியாக்களில வாற வீதம் பிள்ளையளில வராது. சுவாப்பை மட்டும் நம்பிப் பிள்ளையை விடக்கூடாது.

பிள்ளையளுக்கு இப்ப நல்ல வழி மலம். பிள்ளை சளியை விழுங்குது, அது மலத்தில வருது. மலத்தில எக்ஸ்பேர்ட் செய்யிறதை 2020இலேயே உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிட்டுது. ஏறக்குறைய 0.8 கிராம், அதாவது ஒரு பெரிய கடலை அளவு மலத்தை மாதிரிக் கரைசல் இருக்கிற 8 மி.லீ. போத்தலுக்க போட்டுக் குலுக்கி 10 நிமிசம் வைக்க வேணும். திரும்பக் குலுக்கி இன்னொரு 10 நிமிசம் அசைக்காமல் வைச்சால் துணிக்கை அடியில படியும், மேல இருந்து 2 மி.லீ. உறிஞ்சிக் காட்ரிஜ்ஜில விடலாம். மலம் கூடிப்போனால் மெஷின் அழுத்தப் பிழை காட்டும், கூடப் போட்டால் கூடப் பிடிபடும் எண்டு நினைக்க வேண்டாம். வயித்தோட்டம் இருக்கிற நேரத்து மலத்தைவிடக் கட்டியான மலம் நல்லம்.

இரைப்பை நீர் எடுக்கிறதெண்டால் பிள்ளையை ஆஸ்பத்திரியில மறிச்சு, இரவு முழுக்க ஒண்டும் குடுக்காமல், விடிய எழும்பி நடக்க முதல் குழாய் விட்டு எடுக்கோணும். அது பிள்ளைக்கும் தாய்க்கும் வேதனை. மலமும் சுவாப்பும் சேர்த்து அனுப்பினால் கொஞ்சப் பிள்ளையளுக்காவது அந்தக் குழாயைத் தவிர்க்கலாம். ஆனால் எல்லாம் எதிர்மறை வந்தாலும் வீட்டில காசநோயாளி இருந்து, பிள்ளை நிறை ஏறாமல் இருமிக்கொண்டிருந்தால், மருத்துவர் அறிகுறியையும் படத்தையும் வைச்சே சிகிச்சை தொடங்குவார், தொடங்கவும் வேணும்.

வவுனிக்குளம்

கடைசியா இரண்டு. சிகிச்சை எடுக்கிற ஆளுக்கு மருந்து வேலை செய்யுதோ எண்டு பார்க்கச் சுவாப் பாவிக்கலாமோ? மற்றது, மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பாமல் மல்லாவி, புதுக்குடியிருப்பு மாதிரி இடத்திலயே செய்யிற சின்ன மெஷின் இருக்கோ?

நுணுக்குக்காட்டி

முதலாவதுக்கு: இல்லை. மருந்தால செத்த கிருமியின்ர டி.என்.ஏ.யும் மெஷினில நேர்மறை காட்டும். சளியில எக்ஸ்பேர்ட் செய்தாலும் இதே கதைதான். தொடர் பரிசோதனைக்குச் சளிச் சிலைட்டும் வளர்ப்பும்தான். அந்த நேரம் சளி வராமல் போனால் நிறை, காய்ச்சல், இருமல், படம் எல்லாத்தையும் வைச்சு கிளினிக் தீர்மானிக்கும்.

இரண்டாவதுக்கு: இருக்கு. இந்தியாவில செய்யிற ட்ரூநட் மின்கலத்தில ஓடும், ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட முடிவு தரும், 2020இல இருந்து உலக சுகாதார நிறுவனத்தின்ர பரிந்துரையில இருக்கு. அந்தப் பரிந்துரை சளிக்கு. நாக்குச் சுவாப்பை மனசில வைச்சே செய்த கையடக்க மெஷின்களும் வந்திருக்கு. கரண்ட் போற இடத்துக்கு அவை பொருந்தும். ஆனால் மெஷின் சின்னன் எண்டால் வேலையும் சின்னன் எண்டு நினைக்க வேண்டாம். சுவாப்பைச் சூடாக்க ஒரு அடுப்பு, சுத்தமான ஒரு மேசை, அசுத்த வேலைக்குத் தனியா இன்னொரு மேசை, பயிற்சி எடுத்த ஒரு ஆள், அவர் லீவில நிக்கேக்க இன்னொரு ஆள் எல்லாம் வேணும். பிறகு ரிப்போட்டை மார்பு நோய் கிளினிக்குக்கு அண்டைக்கே அறிவிக்கிற ஒழுங்கு. நேர்மறை வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு மருந்து தொடங்கிறதெண்டால் ஊரிலயே மெஷின் வைச்சு வந்த லாபம் ஒண்டுமில்லை.

இரணைமடு

வவுனிக்குளம் தம்பி, உங்கட பகுதியில சளி தராமல் விட்ட ஆக்களின்ர பட்டியல் பதிவேட்டில இருக்கும். முதலில அவையைத் திரும்பக் கூப்பிட்டு, சளி எடுக்கிற முறையை நேரில செய்து காட்டுங்கோ. அதுக்குப் பிறகும் வராதவை எத்தினை பேர், அவையின்ர வயது, சீனி வருத்தம் இருக்கோ, படம் எடுத்ததோ எண்டு ஒரு தாளில எழுதி மாவட்டக் காசநோய்க் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் குடுங்கோ. சுவாப் தொடங்கிறதைப் பற்றிக் கதைக்கேக்க அவர் முதலில கேக்கப்போறது அந்த எண்ணிக்கையைத்தான். படம் எடுக்காத ஆக்களைச் சுவாப்புக்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம், இந்தக் கிழமையே படத்துக்கு அனுப்புங்கோ.